கணினி விளையாட்டின் கதை – 23: மூன்று முறை மட்டும் திறக்கும் பூட்டு

சென்ற இதழில் கேம் வடிவமைப்பாளர் வில் ரைட்டை அவருடைய பெரிய கனவோடு விட்டுவிட்டு வந்தோம். ஒற்றை உயிரணுவாகத் தொடங்கி, விலங்காகி, குலமாகி, நாகரிகமாகி, கடைசியில் விண்வெளிக்கே கிளம்பிப்போகும் ஓர் உயிரினத்தை நாமே வடிவமைத்து வளர்க்கும் ஆட்டம். பெயர் ஸ்போர். 2005-இல் கேம் தயாரிப்பாளர்கள் மாநாட்டில் அவர் அதன் முதல் காட்சியைப் போட்டுக்காட்டினார். பிறகு மூன்று ஆண்டுக் காத்திருப்பு. 2008 செப்டம்பர் முதல் வாரத்தில் ஸ்போர் கடைக்கு வந்தது.

வந்த சில நாட்களிலேயே அமேசான் தளத்தில் அதற்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட விமர்சனங்கள் குவிந்துவிட்டன. பத்தில் ஒன்பது, ஒற்றை நட்சத்திரம். ஆட்டம் சரியில்லை என்று எழுதியவர்கள் சிலர்தான். மற்றவர்கள் எல்லோரும் எழுதியது, பெட்டிக்குள் ஆட்டத்தோடு கூடவே வந்த பூட்டைப் பற்றி.

அந்தப் பூட்டுக்கு செக்யூராம் என்று பெயர். சோனி குழுமத்து நிறுவனம் ஒன்றின் தயாரிப்பு. ஸ்போரைக் கணினியில் ஏற்றியதும் அது இணையம் வழியாக வெளியீட்டாளரான எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸின் சர்வரைத் தொடர்புகொண்டு, இன்ன பிரதி இன்ன கணினியில் ஏறியிருக்கிறது என்று பதிவுசெய்யும். இதுதான் ஆக்டிவேஷன். ஒரு பிரதிக்கு மூன்று ஆக்டிவேஷன்கள், அதோடு சரி. நான்காவது தேவைப்பட்டால் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையை அழைத்து, நான் காசு கொடுத்து வாங்கியவன்தான் என்று எடுத்துச்சொல்லி அனுமதி கேட்க வேண்டும்.

மூன்று போதாதா என்று தோன்றலாம். கேம் ஆடுகிறவர்களின் பழக்கத்தைத் தெரிந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். ஒரு வருடம் கிராபிக்ஸ் கார்டு மாற்றுவார்கள். அடுத்த வருடம் மதர்போர்டு. வைரஸ் புகுந்தால் விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுவார்கள். பழைய கணினியைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்குவார்கள். பழைய கணினியிலிருந்து ஆக்டிவேஷனைத் திரும்பப் பெறும் வசதியும் ஸ்போர் வந்தபோது இல்லை. ஆடி முடித்த பிரதியை இன்னொருவருக்கு விற்கலாம் என்றால், தேய்ந்துபோன பூட்டோடு இருக்கும் பிரதியை யார் வாங்குவார்கள்? போதாக்குறைக்கு, ஒரு பிரதிக்கு ஒரே ஒரு இணையக் கணக்குதான். அக்காவும் தம்பியும் தனித்தனிக் கணக்கு வைத்துத் தங்கள் தங்கள் உயிரினங்களைப் பகிர்ந்துகொள்ள வழியில்லை. கையேட்டில் பல கணக்குகள் வைத்துக்கொள்ளலாம் என்று அச்சிட்டிருந்தார்கள். கேட்டபோது, அது அச்சுப்பிழை என்று பதில் வந்தது.

இத்தனைக்கும் நடுவே, ஸ்போர் அமெரிக்கக் கடைகளுக்கு வருவதற்கு முன்பே பூட்டு உடைக்கப்பட்ட பிரதி டோரண்ட் வழியே உலகம் சுற்றிக்கொண்டிருந்தது. அதில் ஆக்டிவேஷன் கிடையாது, மூன்று என்ற கணக்கும் கிடையாது. டோரண்ட்ஃப்ரீக் தளத்தின் கணக்குப்படி 2008-இல் உலகிலேயே அதிகம் திருடப்பட்ட கேம் ஸ்போர்தான். 17 லட்சம் பதிவிறக்கங்கள். திருட்டுப் பிரதியை இறக்கியவரின் கணினியில் பூட்டு இல்லை. பூட்டோடு வீட்டுக்குப் போனது, கடையில் பணம் கட்டி ரசீது வாங்கிய மனிதர் மட்டும்தான்.

இந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்று பார்க்க, கொஞ்சம் பின்னால் போய்விட்டு வரலாம்.

1980-களில் பிரிட்டனில் கேம்கள் ஆடியோ கேசட்டில் விற்கப்பட்டன. இரண்டு டேப் ரிகார்டர் இருந்தால் எந்த வீட்டிலும் நகல் எடுத்துவிடலாம். அதனால் தயாரிப்பாளர்கள், கேசட்டில் பதிவாகாத ஏதாவது ஒரு பொருளைப் பெட்டிக்குள் வைக்கத் தொடங்கினார்கள். 1984-இல் வந்த ஜெட் செட் வில்லியோடு வண்ணக் கட்டங்கள் அச்சிட்ட அட்டை ஒன்று வந்தது. ஆட்டம் கேட்கும் கட்டத்தின் வண்ணங்களைப் பார்த்துப் பதில் தர வேண்டும். வண்ண நகல் எந்திரம் கைக்கெட்டாத காலம், எனவே யோசனை நல்ல யோசனைதான். நிறக்குருடு உள்ள பிள்ளை என்ன செய்வான் என்று யாரும் நினைத்துப்பார்க்கவில்லை.

அதற்கு அடுத்த ஆண்டு ஸ்பெக்ட்ரம் கணினிக்கு வந்த எலீட் இன்னும் ஒரு படி மேலே போனது. லென்ஸ்லாக் என்று ஒரு பிளாஸ்டிக் கண்ணாடி. திரையில் சிதறிக் கிடக்கும் கோடுகள் மீது அதை மடக்கி நிறுத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் இரண்டு எழுத்துகள் ஒன்றுசேர்ந்து தெரியும். அவற்றைத் தட்டினால் ஆட்டம் திறக்கும். மூன்று முறை தவறினால் கணினி எல்லாவற்றையும் மறந்துவிடும். கேசட்டை முதலிலிருந்து பல நிமிடங்கள் ஓட்ட வேண்டும். அந்தக் கணினிகள் வீட்டு டிவியைத்தான் திரையாகப் பயன்படுத்தின. டிவி மிகப் பெரிதாக இருந்தாலும் மிகச் சிறிதாக இருந்தாலும் கண்ணாடி பொருந்தாது. சில பெட்டிகளில் வேறு ஆட்டத்துக்கான கண்ணாடி தவறிப்போய்ச் சேர்ந்துவிட்டது. அதை வாங்கியவர்களால் என்ன செய்தும் உள்ளே நுழைய முடியவில்லை.

1989-இல் வந்த வில் ரைட்டின் முதல் சிம்சிட்டியில் என்ன இருந்தது தெரியுமா? அடர்சிவப்புக் காகிதத்தில் அச்சிட்ட ஒரு குறியீட்டுத் தாள். ஜெராக்ஸ் போட்டால் முழுக்கக் கறுப்பாக வரும் என்பதற்காக அந்தச் சிவப்பு. வெறுங்கண்ணால் படிப்பதற்கும் அது சிரமமாகத்தான் இருந்தது. 1990-இல் தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட், கடற்கொள்ளையர் முகங்களைச் சுழற்றிப் பொருத்தும் அட்டைச் சக்கரத்தோடு வந்தது. அது ஒன்றுதான் இவற்றில் எனக்குப் பிடித்தது, பூட்டைக்கூட விளையாட்டாக்கிவிட்டார்கள்.

பிளாப்பிக் காலத்துப் பூட்டுகள் இவ்வளவு சாதுவானவை அல்ல. பிளாப்பியில் வேண்டுமென்றே சில பகுதிகளைப் பழுதாக்கி வைத்திருப்பார்கள். சாதாரண நகலில் அந்தப் பழுது வராது. பழுது இல்லையென்றால் அது போலி. கமோடோர் 64-இன் பிளாப்பி டிரைவ் அந்தப் பழுதைப் படிக்கப்போகும்போதெல்லாம் அதன் தலை தடுப்பில் போய்த் தடதடவென்று மோதும். மோதி மோதி நாளடைவில் தலை இடம் பிசகிவிடும். ஆட்டத்தை வாங்கியவர் டிரைவை ரிப்பேருக்குத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதாயிற்று.

சிடி வந்த பிறகும் இதே தந்திரம் தொடர்ந்தது. சேஃப்டிஸ்க், செக்யூராம், ரஷ்யாவில் பிறந்த ஸ்டார்ஃபோர்ஸ். அசல் சிடி டிரைவில் இருந்தால்தான் ஆட்டம் ஓடும். நான்கூட அந்த நாளில் கைக்காசைச் சேர்த்து ஓர் அசல் சிடி வாங்கினேன். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். சிடி டிரைவுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும்போதே, சிடியைப் போடவும் என்று திரை கேட்டது. எடுத்துத் துடைத்துப் போட்டேன். மறுபடியும் அதே கேள்வி. இரண்டு வாரம் போராடிவிட்டு, நண்பன் கொடுத்த கிராக்கைப் போட்டுத்தான் ஆடினேன். காசு கொடுத்து வாங்கிய பொருளைத் திருடனைப் போலத் திறந்த அந்தக் கூச்சம் இன்னும் நினைவிருக்கிறது.

கிராக் என்றால் என்ன என்று ஒரு வரி சொல்லிவிட வேண்டும். பூட்டை உடைக்கிறவர்கள் சிடியின் பழுதை நகலெடுப்பதில்லை. ஆட்டத்தின் நிரலுக்குள் புகுந்து, சிடி இருக்கிறதா என்று கேட்கும் கேள்வியையே எடுத்துவிடுகிறார்கள். ஒருவர் ஒருமுறை எடுத்தால் போதும். அதற்குப் பிறகு உலகம் முழுவதும் போகும் நகல்களில் அந்தக் கேள்வி இருக்காது. நகல் தடுப்பின் நாற்பது ஆண்டுத் துயரமும் இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது.

யூபிசாஃப்ட் நிறுவனத்துக்கு 2008-இல் நேர்ந்ததைக் கேளுங்கள். ரெயின்போ சிக்ஸ் வேகாஸ் 2 என்ற ஆட்டத்தை இணையத்தில் பதிவிறக்கமாக விற்றார்கள். பிறகு வந்த பேட்ச் ஒன்று, சிடி எங்கே என்று கேட்க ஆரம்பித்தது. பதிவிறக்கி வாங்கியவரிடம் சிடி ஏது? வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். நிறுவனம் தன் உதவிப் பக்கத்தில் ஒரு திருத்தக் கோப்பை ஏற்றியது. ஆர்வமுள்ள ஒருவர் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தபோது, உள்ளே ரீலோடட் என்ற கிராக் குழுவின் பெயர் இருந்தது. தன் சொந்த வாடிக்கையாளருக்குத் தன் சொந்த ஆட்டத்தைத் திறந்துவிட, நிறுவனத்துக்குத் திருடர்களின் சாவிதான் கிடைத்திருக்கிறது.

சிடி பூட்டுகளுக்கு இன்னொரு பின்கதையும் உண்டு. சேஃப்டிஸ்க் வேலைசெய்ய விண்டோஸின் அடியாழத்தில் ஒரு டிரைவர் நிரல் வேண்டும். அதில் பாதுகாப்பு ஓட்டை இருப்பது 2007-இல் வெளியே வந்தது. 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோது மைக்ரோசாஃப்ட் அந்த நிரலுக்கு இடமே தரவில்லை. கணினியின் பாதுகாப்பைப் பார்த்தால் அது சரியான முடிவு. ஆனால் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நேர்மையாக வாங்கி அலமாரியில் பத்திரமாக வைத்திருந்த நூற்றுக்கணக்கான தலைப்புகள் அன்றோடு ஓடாமல் போயின. சிடியில் கீறல் இல்லை, கணினியில் பழுதில்லை, பூட்டுக்குத்தான் வயதாகிவிட்டது.

இருந்தாலும் கேசட்டிலிருந்து சிடி வரை ஒரு விஷயம் மாறவில்லை. பூட்டும் சாவியும் வாங்கியவரின் வீட்டில்தான் இருந்தன. சிவப்புத் தாள் தொலையாத வரை, சிடி உடையாத வரை, யாரிடமும் கேட்காமல் ஆடலாம். ஆக்டிவேஷன் இதை மாற்றியது. சாவி இப்போது நிறுவனத்தின் கையில். வரலாற்றில் முக்கியமான திருப்பம் இதுதான் என்பது என் துணிபு. லென்ஸ்லாக் போன்றவையெல்லாம் இதன் முன்னால் சில்லறைத் தொல்லைகள்.

2007 ஆகஸ்டில் பயோஷாக் இரண்டே ஆக்டிவேஷனோடு வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் ஐந்தாக உயர்த்தினார்கள், அடுத்த ஆண்டு கட்டுப்பாட்டையே எடுத்துவிட்டார்கள். 2008-இல் மாஸ் எஃபெக்ட் கணினிப் பதிப்பு, பத்து நாளுக்கு ஒருமுறை சர்வரைக் கேட்டுச் சரிபார்க்கும் என்று முதலில் அறிவித்தார்கள். கூச்சல் எழுந்ததும் அதைக் கைவிட்டு மூன்று ஆக்டிவேஷனுக்கு இறங்கினார்கள். அதே மூன்றுதான் சில மாதங்களில் ஸ்போருக்கும் வந்தது. ஆக, என்ன நடக்கும் என்று எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

நிறுவனத்தின் தலைவர் ஜான் ரிச்சிடெல்லோ, 99.8 சதவீதம் பேர் இந்தப் பூட்டைக் கவனிக்கவே மாட்டார்கள் என்ற கணக்கைச் சொன்னார். எண்ணிக்கை சரியாகவே இருக்கட்டும். பூட்டைக் கவனிக்கப்போவது யார்? பல ஆண்டுகள் ஒரே ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஏற்றி ஆடுகிறவர். அந்த ஆட்டத்தை எல்லோரையும்விட அதிகம் நேசிப்பவர். அவரைத்தான் அந்த 0.2 சதவீதத்துக்குள் தள்ளிவிட்டார்கள்.

அதே செப்டம்பரில் கலிஃபோர்னியாவில் வழக்கும் வந்தது: செக்யூராம் ஏறுவதை வாங்குபவருக்குச் சொல்லவில்லை, ஸ்போரை நீக்கினாலும் அது நீங்குவதில்லை என்று. நிறுவனம் படிப்படியாக இறங்கிவந்தது. மூன்று ஐந்தாயிற்று. டிசம்பரில் ஸ்டீம் கடையில் ஸ்போர் செக்யூராம் இல்லாமலே விற்பனைக்கு வந்தது. ஆக்டிவேஷனைத் திரும்பப் பெறும் கருவியும் பின்னால் வந்தது. 2009-இல் தி சிம்ஸ் 3 வெளியானபோது பழையபடி சிடி மட்டும் போதும் என்றார்கள். வில் ரைட் அதற்குள் ஏப்ரலிலேயே நிறுவனத்தை விட்டு விலகிவிட்டிருந்தார்.

பாடம் படித்தாயிற்று என்று அன்று பலரும் நம்பினார்கள். 2010 மார்ச்சில் யூபிசாஃப்ட் அதைவிடக் கடுமையான பூட்டோடு வந்தது. அசாசின்ஸ் கிரீட் 2, சைலண்ட் ஹண்டர் 5 இரண்டையும் தனியாளாக ஆடினாலும், ஆடும் நேரம் முழுக்க இணைய இணைப்பு இருந்தாக வேண்டும். இணைப்பு அறுந்தால் ஆட்டம் அந்த இடத்திலேயே நிற்கும். வெளியான சில நாட்களிலேயே, மார்ச் 7 ஞாயிற்றுக்கிழமை, யாரோ அந்த சர்வர்களைத் தாக்கி முடக்கினார்கள். விடுமுறை நாளில் காசு கொடுத்து வாங்கியவர்கள் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த மாதமே பூட்டு உடைந்தது. 2012 பிப்ரவரியில் நிறுவனம் தன் சர்வர்களை இடம் மாற்றியபோது, அசல் வைத்திருந்தவர்களால் சில கேம்களை மறுபடியும் ஆட முடியாமல் போனது. அந்த ஆண்டு செப்டம்பரில், இந்த முறையை விட்டுவிட்டோம் என்று யூபிசாஃப்ட் வெளிப்படையாகச் சொன்னது.

நிறுவனங்களின் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் வரலாறு கோணலாகிவிடும். திருட்டு உண்மையான பிரச்சினை. 2013 ஏப்ரலில் கிரீன்ஹார்ட் கேம்ஸ் என்ற மிகச் சிறிய நிறுவனம் கேம் டெவ் டைகூன் என்ற ஆட்டத்தை வெளியிட்டது. அதன் ஒரு பிரதியைத் தாங்களே டோரண்டிலும் போட்டுவைத்து எண்ணிப்பார்த்தார்கள். முதல் நாளில் வாங்கி ஆடியவர்கள் 214 பேர்; திருடி ஆடியவர்கள் 3,104 பேர். இப்படிப்பட்ட எண்ணைப் பார்க்கும் எந்தத் தயாரிப்பாளருக்கும் வயிறு எரியத்தான் செய்யும். பெரிய ஆட்டங்களின் வருமானத்தில் பெரும்பங்கு முதல் சில வாரங்களில் வந்துவிடும். அந்த வாரங்களை மட்டுமாவது காப்பாற்றிக்கொள்ளலாம் என்பது அவர்களுடைய வாதம். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தச் சில வாரங்களுக்காகப் போட்ட பூட்டு, வாங்கியவரின் அலமாரியில் பத்து வருடம் கழித்தும் ஏன் பூட்டியே கிடக்க வேண்டும்? இதற்கு எந்த நிறுவனமும் திருப்தியான பதில் சொல்லி நான் பார்த்ததில்லை.

கதை இப்போது மீண்டும் சிம்சிட்டிக்கு வருகிறது. சிவப்புத் தாளோடு வந்த அந்த ஆட்டத்தின் புதிய பதிப்பை எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸின் மாக்ஸிஸ் குழுவினர் 2013 மார்ச் 5 அன்று வெளியிட்டார்கள். நகரம் கட்ட, சாலை போட, ஒற்றை ஆளாக உட்கார்ந்து ரசிக்க, எப்போதும் இணையம் வேண்டும் என்றார்கள். முதல் நாளே சர்வர்கள் தாங்கவில்லை. ஆட்டத்துக்குள் நுழையவே வரிசை. நுழைந்தவர்களின் நகரங்கள் பாதியில் காணாமல் போயின. பாரத்தைக் குறைக்க, ஆட்டத்தின் அதிவேக ஓட்டத்தையே நிறுத்திவைத்தார்கள். அமேசான் பதிவிறக்க விற்பனையைச் சில காலம் நிறுத்தியது. சமாதானமாக, வாங்கியவர்களுக்கு வேறொரு கேம் இலவசமாகக் கொடுத்தார்கள்.

இது நகல் தடுப்புப் பூட்டே அல்ல, ஆட்டத்தின் கணக்குகளில் கணிசமான பகுதி சர்வரில்தான் நடக்கிறது என்று மாக்ஸிஸ் தலைவர் லூசி பிராட்ஷா விளக்கம் தந்தார். ஆடியவர்கள் கேபிளைப் பிடுங்கிப் பார்த்தார்கள். ஏறத்தாழ இருபது நிமிடம் நகரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டத்தின் நிரலைத் தோண்டிய ஒருவர், சிறிய மாற்றத்தோடு இணைப்பு இல்லாமலே எவ்வளவு நேரமும் ஆடலாம் என்று செய்துகாட்டினார். முடியாது என்று சொன்னதை ஒரு வாடிக்கையாளர் வீட்டில் உட்கார்ந்து செய்துவிட்டார் என்பதுதான் அந்த வாரத்தின் பேச்சு. நிதி இலக்கை எட்டாததைக் காரணம் காட்டி ரிச்சிடெல்லோ பதவி விலகலை அறிவித்ததும் அதே மார்ச் மாதத்தில்தான்.

சிம்சிட்டியை இணையம் இல்லாமல் ஆடும் வசதி 2014 மார்ச்சில், ஒரு வருடம் கழித்து வந்தது. காத்திருந்தவர்களில் பெரும்பாலோர் அதற்குள் போய்விட்டார்கள். 2015 மார்ச் 4 அன்று, எமரிவில்லில் இருந்த மாக்ஸிஸ் அலுவலகத்தை எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் மூடியது. ஆறு நாள் கழித்து, மார்ச் 10 அன்று, பின்லாந்தின் கொலோஸல் ஆர்டர் என்ற சிறு குழு உருவாக்கிய சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் என்ற நகரம் கட்டும் ஆட்டம் வெளிவந்தது. ஆடும் நேரம் முழுக்க அது எந்த சர்வரையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. முதல் 24 மணி நேரத்தில் இரண்டரை லட்சம் பிரதிகள் விற்றன.

ஸ்போர் வந்த அதே 2008-இல், திருட்டு நகல்கள் கொழித்த போலந்தில் வளர்ந்த ஒரு நிறுவனம், பூட்டே இல்லாமல் கேம் விற்க ஒரு கடையைத் திறந்தது. அந்தக் கடையின் கதை அடுத்த இதழில்.

(தொடரும்)